பல் பிடுங்கிய குழியை இம்ப்ளான்ட்டுக்குத் தயார் செய்வது: புதிதாகத் தொடங்கும் பல் மருத்துவர்களுக்கு

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் கிளினிக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானது: "டாக்டரே, லீவு முடியதுக்கு முன்ன பல்லை வச்சித் தரணும்." வளைகுடாவிலிருந்து ஒரு மாத லீவில் வந்தவர். பல்லை அவசரமாகப் பிடுங்கி அனுப்புகிறோம். அடுத்த லீவில் வரும்போது எலும்பு கத்தி முனைபோல மெலிந்து கிடக்கிறது. பல்லைப் பிடுங்கும் நாள்தான் இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வேலையின் முதல் நாள். இங்கே சொல்லப்போவது அன்றைய வேலையை மட்டும்.

பல் போன முதல் ஆண்டில் ரிட்ஜின் (பல் நின்ற எலும்பு மேட்டின்) அகலத்தில் ஏறக்குறையப் பாதி கரைந்துவிடும். அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே போய்விடும். முதலில் கரைவது கன்னப்பக்கச் சுவர். மேல் முன்பற்களில் அது பெரும்பாலும் 1 மி.மீ. கூட இருக்காது. அதற்கு ரத்தம் வருவதில் பெரும்பங்கு பெரியோடான்டல் லிகமென்ட் (வேரை எலும்போடு பிணைக்கும் நார்) வழியாக. பல்லோடு லிகமென்ட்டும் போனபின் சுவர் பட்டினிதான். 4 மி.மீ. இம்ப்ளான்ட்டுக்குக் கன்னப்பக்கம் 2, நாக்குப்பக்கம் 1 என்று வைத்தாலும் 7 மி.மீ. அகலம் வேண்டும். கிராஃப்ட் (குழியில் நிரப்பும் எலும்புத் துகள் அல்லது அதற்கு மாற்றான துகள்) வைத்தால் இந்தக் கரைதல் முழுதாக நிற்காது, நன்றாகக் குறையும். நோயாளியிடமும் இப்படியே சொல்லுங்கள்.

1. ஆளைப் பாருங்கள், பிறகு பல்லை

சர்க்கரைக்கு அன்று காலை குத்திப் பார்த்த அளவு போதாது, ஹெச்.பி.ஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை) கேளுங்கள். 7-க்குள் என்றால் தைரியமாகப் போகலாம், 8-ஐத் தாண்டினால் தள்ளிப் போடுங்கள். "வேற மருந்து ஏதாவது?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை உண்டா? ஆறு மாசத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு ஊசி போட்டாங்களா?" என்று கேளுங்கள். அலன்ட்ரோனேட், சோலட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் இவற்றில் ஏதாவது இருந்தால், மருந்து எழுதிய டாக்டரிடம் பேசாமல் கத்தியைத் தொடாதீர்கள். இந்த ஊசிகளைப் புற்றுநோய்க்காகப் போட்டுக்கொள்பவரென்றால் இந்த வேலையே வேண்டாம். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பீடி, சிகரெட், பொயிலை போட்ட வெற்றிலை எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். பாக்கு, பான் மசாலா பழக்கம் உள்ளவரின் வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளந்து பாருங்கள். அவருடைய மூன்று விரல் உள்ளே போகவில்லையென்றால் கடைவாய்ப் பக்கம் பின்னால் டிரில் நுழையாது. எலும்பைக் காப்பாற்றியும் அங்கே பயனில்லை.

2. ஸ்கேன்

சி.பி.சி.டி (தாடையின் முப்பரிமாண ஸ்கேன்) எடுக்க நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ அனுப்பும்போது, சீட்டிலேயே "டைகாம் ஃபைல் வேண்டும்" என்று எழுதுங்கள், கம்ப்யூட்டரில் திறந்து அளக்கக்கூடிய ஸ்கேன் ஃபைல் அது. பிரிண்ட் மட்டும் வந்தால் அளக்க வழியில்லை. ஓ.பி.ஜி. (முழுத்தாடை எக்ஸ்ரே) படத்தை நம்பி மில்லிமீட்டர் சொல்லாதீர்கள், அது பெரிதாக்கித்தான் காட்டும். படத்தில் பார்க்க வேண்டியவை: கன்னப்பக்கச் சுவர் முழுதாக இருக்கிறதா, வேர் நுனியில் எவ்வளவு பெரிய ஓட்டை, கீழ்த்தாடையில் நரம்பு எங்கே, மேல்தாடையில் சைனஸ் தரை எங்கே.

3. பல்லை எடுப்பது

மரத்துப்போக 2% லிக்னோகெய்ன், 1:80,000 அட்ரினலினோடு. பிறகு 15சி பிளேடால் பல்லைச் சுற்றி நாரை அறுத்து, பெரியோடோமை (வேருக்கும் எலும்புக்கும் நடுவே இறக்கும் மெல்லிய அலகு) நாக்குப்பக்கமும் பற்களுக்கு இடைப்பட்ட பக்கங்களிலும் மட்டும் இறக்குங்கள். கன்னப்பக்கம் வேண்டாம். ஃபோர்செப்ஸைப் பிடித்துக் கன்னப்பக்கம் சாய்க்கும் கல்லூரிப் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். சுழற்றி எடுங்கள், சாய்க்காதீர்கள். கடைவாய்ப்பல்லை முழுதாக எடுக்கப் பார்க்காமல் வேர் வேராகப் பிரித்து எடுங்கள்.

பிரிக்கும்போது ஈறு திறந்திருந்தால் சாதாரண ஏரோட்டார் (காற்றால் சுழலும் டிரில்) கூடவே கூடாது. அதன் காற்று திசுவுக்குள் புகுந்து கன்னம் பொசுக்கென்று வீங்கும். தொட்டால் நறநறவென்று இருக்கும். மைக்ரோமோட்டாரில் நேர் ஹேண்ட்பீஸ், 702 பர், சலைன். அவ்வளவே.

கருவிகளில் என் கட்சி: லக்ஸேட்டரை விட மெல்லிய பெரியோடோம். நேரம் கூடும்தான், ஆனால் சுவர் உடையாது. நல்ல கியூரெட் (சுரண்டும் கருவி) ஒன்று, நல்ல காஸ்ட்ரோவியேஹோ நீடில் ஹோல்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். மற்றதில் சிக்கனம் பிடிக்கலாம்.

4. குழியைச் சுரண்டுவது

கிரானுலேஷன் திசு (அழற்சியால் குழியில் வளர்ந்த மென்சதை) துளி மிச்சமிருந்தாலும் மேலே போட்ட கிராஃப்ட் அழுகும். வேர் நுனியில் "கரகர" என்று எலும்பு உரசும் சத்தம் கேட்கும்வரை சுரண்டுங்கள். சலைனால் கழுவியபின் குழி தானாக ரத்தத்தால் நிறைய வேண்டும். நிறையாவிட்டால் சிறிய ரவுண்ட் பரால் உட்சுவரில் நாலைந்து புள்ளி போடுங்கள், ரத்தம் வரும். சீழ் வடியும் குழியில் கிராஃப்ட் வைக்காதீர்கள். சுத்தம் செய்து விட்டு, ஈறு ஆறியபின் வரச் சொல்லுங்கள்.

5. கிராஃப்ட்

துகள் 0.25 முதல் 1 மி.மீ. வரை. ஒற்றை வேர்ப் பல் குழிக்கு அரை சி.சி., கடைவாய்ப்பல்லுக்கு ஒரு சி.சி. இருந்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். நோயாளியின் ரத்தத்திலோ சலைனிலோ நனைத்து, ஈர மணலாக வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக இடுங்கள். இடித்து அடைக்க வேண்டாம். துகள்களுக்கு நடுவே ரத்தக்குழாய் வளர இடம் வேண்டும். எலும்பு விளிம்போடு நிறுத்துங்கள். கூம்பாகக் குவித்தால் மேலே உள்ளது முழுக்கத் துப்பலோடு வெளியே வரும்.

6. மூடுவது

புதியவர்கள் அதிகம் தோற்கும் இடம் இது.

நாலு சுவரும் நன்றாக இருந்தால் ஈறை இழுத்து மூடவே வேண்டாம். கிராஃப்ட்டின் மேல் கொலாஜன் பிளக் வைத்து எட்டுப்போல ஒரு தையல் போட்டால் முடிந்தது. இழுத்து மூடினால் கெட்டியான ஈறு மேலேறி, கன்னப்பக்கப் பள்ளம் ஆழம் குறைந்து, பின்னால் இம்ப்ளான்ட்டைச் சுற்றி மெல்லிய, அசையும் ஈறுதான் மிஞ்சும்.

கன்னச்சுவர் போயிருந்தால் கதை வேறு. ஃபிளாப் (எலும்பிலிருந்து பிரித்தெடுக்கும் ஈறு மடல்) திறந்து, கொலாஜன் மெம்ப்ரேனை ஓட்டையின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2-3 மி.மீ. படிய வைத்து, மேலே ஈறால் முழுதாக மூட வேண்டும். ஈறு எட்டாது. எட்டாததை நூலால் இழுத்துக் கட்டினால் அன்று அழகாக இருக்கும். ஐந்தாறு நாளில் தையல் ஈறை வெட்டிக்கொண்டு பிளந்து, மெம்ப்ரேன் வெளியே தெரியும்.

தீர்வு பெரியாஸ்டியல் ரிலீஸ், அதாவது ஃபிளாப்பின் உட்படலத்தை அறுத்து இளக்குவது. ஃபிளாப்பின் விளிம்பைப் பிடித்துக் கன்னப்பக்கம் நன்றாக மடக்குங்கள், உட்பக்கம் வெளியே தெரியட்டும். அடிப்பகுதியில், மியூக்கோஜிஞ்சைவல் கோட்டை (கெட்டியான ஈறு முடிந்து அசையும் சதை தொடங்கும் கோடு) தாண்டி, வெள்ளையாகப் பளபளக்கும் படலம்தான் பெரியாஸ்டியம். புது 15 பிளேடால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே கோடு. ஆழம் அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரை. அறுப்பதைவிட வருடுவது என்று சொல்லலாம். கோடு நடுவில் விட்டுப்போனால் அந்த இடம் மட்டும் பிடித்துக்கொண்டு ஃபிளாப் முழுதையும் தடுக்கும். கோடு முழுமையாக விழுந்ததும் ஈறு ரப்பராக இளகும், கையிலேயே தெரியும். எதிர்ப்பக்க ஈறைத் தாண்டி 3-5 மி.மீ. போய் உட்கார வேண்டும், நிறம் வெளுக்கக் கூடாது. வெளுத்தால் இன்னும் இளகவில்லை என்று பொருள்.

கீழே முன்கடைவாய்ப் பக்கம் மென்டல் நரம்பு வெளியே வருகிறது. அங்கே முதலில் நரம்பைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பிளேடை எடுக்க வேண்டும்.

தையலுக்கு 4-0 அல்லது 5-0 பி.டி.எஃப்.இ. நூல், இல்லாவிட்டால் பாலிப்ரொப்பிலீன். பட்டு நூல் திரிபோல எச்சிலையும் கிருமியையும் உள்ளே இழுக்கும், இந்த வேலைக்கு ஆகாது. முதலில் ஆழமாக மேட்ரஸ் தையல், பிறகு விளிம்பில் தனித்தனி முடிச்சு. 10-14 நாளில் பிரிக்கலாம்.

7. வீட்டுக்கு அனுப்பும்போது

0.2% குளோர்ஹெக்சிடின் 10 மி.லி., காலையும் இரவும். பல் தேய்த்து அரைமணி கழித்துத்தான், பேஸ்ட் அதன் வேலையைக் கெடுக்கும். முதல் நாள் கொப்பளிக்கவே கூடாது. ஆறிய கஞ்சி, மசித்த மரச்சீனி, மட்டிப்பழம் போகும். ஏத்தங்காய் சிப்ஸ் ரெண்டு வாரத்துக்கு வேண்டாம். கருக்கு (இளநீர்) குடிக்கலாம், ஆனால் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும். வயதானவரிடம் "பாட்டா, டம்ளர்ல ஊத்திக் குடியுங்க, துப்பவும் செய்யாதீங்க" என்று தனியாகச் சொல்லுங்கள். பேப்பரில் எழுதிக் கொடுத்ததை யாரும் படிப்பதில்லை.

பின்சேர்க்கை 1: பி.ஆர்.எஃப் (நோயாளியின் ரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் ஃபைப்ரின் கட்டி) கட்டியாகவில்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் காரணம் தாமதம்தான். ரத்தம் எடுத்த ஒரு நிமிடத்துக்குள் சுற்றத் தொடங்க வேண்டும். மருந்து கலக்காத 10 மி.லி. கண்ணாடிக் குழாய், நிமிடத்துக்கு 2700 சுற்றில் 12 நிமிடம், எதிரே அதே எடையில் தண்ணீர்க் குழாய். உள்ளே எதுவும் பூசாத பிளாஸ்டிக் குழாயில் கட்டி சரியாக விழாது. ரோட்டார் அளவு மாறினால் விசையும் மாறும், ஆகவே உங்கள் மெஷினில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: கிராஃப்ட் எந்த விலங்கினுடையது என்று நோயாளி கேட்டால் என்ன சொல்வது? அவர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் துகள் மாட்டெலும்பு, கொலாஜன் மெம்ப்ரேன்களில் பல பன்றியிலிருந்து வருபவை. டப்பாவில் எழுதியிருக்கும். கையெழுத்து வாங்கும் தாளிலேயே இது இருக்கட்டும். வேண்டாம் என்பவருக்கு பீட்டா டி.சி.பி. போன்ற செயற்கைத் துகளும், சொந்த ரத்தத்து பி.ஆர்.எஃப்பும் உண்டு. செயற்கைத் துகள் சீக்கிரம் கரையும், ரொம்ப நாள் விட்டுவிடக் கூடாது.

பின்சேர்க்கை 3: லீவுக்காரரின் கணக்கு. இந்த லீவின் முதல் வாரத்தில் பல் எடுத்து கிராஃப்ட், புறப்படுமுன் தையல் பிரிப்பு. 4-6 மாதம் ஆன பிறகு வரும் லீவில் புது ஸ்கேனும் இம்ப்ளான்ட்டும். கிரௌன் அதற்கடுத்த முறை. திறக்கும்போது துகள்கள் இன்னும் தளர்வாக, கியூரெட் பட்டதும் உதிர்ந்தால், அந்த ஆள் மறுநாள் விமானம் ஏறுவதாக இருந்தாலும் இம்ப்ளான்ட் போடாதீர்கள். கழுவி மூடி, இன்னும் இரண்டு மாதம் விடுங்கள்.