புல் ஈக்குப் பெயர் வைக்கும் முன்

சம்மாந்துறை வயல் வரம்பிலோ வந்தாறுமூலைப் பக்கத்துப் புல்வெளியிலோ பூச்சி வலையை நாலு தரம் வீசிப் பாருங்கள். குளோரோபிடே குடும்பத்துப் புல் ஈக்கள் விழும். பெரும்பாலானவை 5 மில்லிமீற்றரைத் தாண்டாது. மஞ்சளில் கறுப்புக் கோடு, இல்லாவிட்டால் முழுக் கறுப்பு. இந்த நிறத்தை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

கூட்டை விட்டு அப்போதுதான் வெளிவந்த ஈ வெளிறியிருக்கும். கெடாமல் போட்டு வைக்கும் எத்தனோலில் நாள்பட்டால் மஞ்சள் மங்கிவிடும். ஒரே இனத்துக்குள்ளும் முதுகுக் கோடுகள் தடிப்பாகவோ மெலிதாகவோ வரும். கோடு மாறியதால் புது இனம் என்று சொன்னால் அந்த வாதம் நிற்காது. கைத்தொலைபேசிப் படத்தை மட்டும் பார்த்து இனம் சொல்வதும் அப்படித்தான்.

அதற்கும் முன்னால், குடும்பமாவது சரிதானா? தலை உச்சியில் மூன்று தனிக்கண்களைச் சுற்றி முக்கோணத் தகடு ஒன்று பெரிதாகத் தெரிய வேண்டும். இறக்கையின் முன்விளிம்பு நரம்பு ஓரிடத்தில் மட்டும் அறுந்திருக்கும். வயலில் கூடவே அகப்படும் எபிட்ரிடே ஈக்களுக்கு இரண்டு இடத்தில். இலையைக் குடையும் அக்ரோமைசிடே ஈக்களுக்கும் ஒரே அறுப்புத்தான், ஆனால் இறக்கையின் அடிப்பகுதியில் நரம்புகள் சூழ்ந்த சின்ன மூடிய அறை ஒன்று உண்டு. புல் ஈக்கு அது கிடையாது. நுணுக்குக்காட்டி இல்லாமல் இதில் இறங்குவது வீண் வேலை.

பெண் ஈ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு புது இனமென்று விவரணை எழுத வேண்டாம். நெருங்கிய இனங்களைப் பிரிப்பது பெரும்பாலும் ஆணின் பிறப்புறுப்புத்தான். மாதிரியாக வைக்க இந்த அளவு ஈயில் ஊசி குத்தினால் நெஞ்சே சிதைந்துவிடும். முக்கோண அட்டை நுனியில் பக்கவாட்டாக ஒட்டுங்கள், பசை கொஞ்சமாக.

குருத்துக் காய்ந்த நெல்லிலிருந்து ஈ வெளிவந்தால் உடனே அதைக் குற்றவாளியாக்கிவிடுகிறார்கள். தண்டுதுளைப்பான் குடைந்து அழுகிய திசுவுக்குப் பிறகு வந்து சேரும் குளோரோபிடே ஈக்களும் இருக்கின்றன. புழுவை வளர்த்துப் பார்க்காமல் பீடை என்று எழுதாதீர்கள்.

நம்மூரில் புதிதாகப் பிடித்தது உலகத்துக்கும் புதிது என்றில்லை. தொங்கும் கயிறுகளில் கூட்டமாய் உட்கார்ந்து கண்ணை மொய்க்கும் சைபன்குலினா ஃபுனிகோலா என்ற புல் ஈ யாவாவிலிருந்து 1905இலேயே விவரிக்கப்பட்டது. அண்டை நாட்டு இனங்களோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகும் பெயரில்லை என்றால், அப்போது எழுதலாம். 1999க்குப் பிந்திய விவரணையில் மூலமாதிரி, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரி, எது என்று வெளிப்படையாகச் சொல்லி, எந்தச் சேகரிப்பில் வைக்கப்படுகிறது என்பதையும் குறிக்காவிட்டால் பெயர் செல்லாது. மின்னிதழில் மட்டும் வெளியிடுவதென்றால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் பதிவும் வேண்டும்.

மாதிரியோடு வைக்கும் சிட்டையில் வெறுமனே 'அம்பாறை' என்று எழுதினால் கடற்கரையா காடா என்றே தெரியாது. ஊர், அகலாங்கு நெட்டாங்கு, திகதி, எந்தப் புல் என்பதெல்லாம் வேண்டும். அப்புறம், காப்புக்காட்டுக்குள் வலை வீசும் முன்னும் மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன்னும் உரிய அனுமதியை எடுத்துக்கொள்ளுங்கள்.