கூட்ஸ் இன்ஜின் எந்த ரகம், எந்த ஷெட்டுக்குச் சொந்தம்? தருமபுரியில் நின்று கண்டுபிடிக்கும் வழி

டிராக்டர், போர்வெல் கம்ப்ரஸர் இவற்றின் டீசல் இன்ஜினைப் பிரித்துக் கோர்ப்பதுதான் எனக்குத் தொழில். அதனால் தருமபுரி ஸ்டேஷனில் ஒரு கூட்ஸ் வண்டி வந்து நின்றால் என் கண் முதலில் போவது இன்ஜினுக்குத்தான். அது என்ன ரகம், யாருடையது என்று நீங்களும் கண்டுபிடித்துவிடலாம்.

ஓமலூர்–ஓசூர் பாதையில் மின்கம்பி வந்துவிட்டதால் டீசல் இப்போது முன்பு போல அடிக்கடி வருவதில்லை. முதலில் கூரையைப் பாருங்கள். கம்பியைத் தொடும் பேன்டோகிராஃப் இல்லையென்றால் அது டீசல். அப்புறம் ரகத்தின் பெயர். டபிள்யூ என்றால் அகலப்பாதை, டி டீசல், ஜி கூட்ஸ். டபிள்யூ.டி.ஜி 3ஏ என்பது 3100 குதிரைத்திறன்; 3 என்பது மூவாயிரத்தைக் குறிக்கிறது, ஏ அதற்கு மேல் ஒரு நூறு. டபிள்யூ.டி.ஜி 4 ரகம் 4000-இல் தொடங்கி, பிற்பாடு 4500 வரை போனது.

தூரத்தில் எழுத்து தெரியவில்லையா? காதைக் கொடுங்கள். என் பட்டறைப் பையன் ஒரு நாள், "அண்ணே, ரெண்டும் டீசல்தானே, ஏன் வேற வேற மாதிரி கத்துது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. 3ஏ-யில் இருப்பது அமெரிக்க ஆல்கோ வடிவமைப்பில் வந்த 16 சிலிண்டர் இன்ஜின், நான்கு ஸ்ட்ரோக். வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும் ஐடிலில் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாக விழும். 'டக டக' என்று எண்ணிவிடலாம் போலிருக்கும். 4-இல் இருப்பதும் 16 சிலிண்டர்தான், ஆனால் ஜெனரல் மோட்டார்ஸின் இ.எம்.டி. பிரிவு வடிவமைத்த இரண்டு ஸ்ட்ரோக். ஒவ்வொரு சுற்றுக்கும் எல்லா சிலிண்டரும் ஒரு முறை வெடிக்கும் என்பதால் சத்தம் இடைவெளியில்லாமல் உறுமும்.

புகையும் காட்டிக்கொடுக்கும். வண்டி கிளம்பும்போது லோகோ பைலட் நாட்ச் (ஆக்சிலேட்டர் படி) ஏற்றினால் ஆல்கோ கரும்புகையைக் குபுகுபுவென்று தள்ளும். நின்ற டிராக்டரில் ஆக்சிலேட்டரை டக்கென்று மிதித்தால் வருமே, அதே காரணம்தான்: டீசல் உடனே உள்ளே போய்விடுகிறது, ஆனால் புகைபோக்கிக் காற்றில் சுழலும் டர்போ வேகம் பிடித்துக் காற்றை அனுப்பச் சற்று நேரமாகிறது. இ.எம்.டி. இன்ஜினில் டர்போவை ஆரம்ப வேகத்தில் பல்சக்கரமே சுழற்றுகிறது. காற்று தயாராக இருப்பதால் புகை குறைவு. இந்த ஒரு அமைப்புக்காகவே அந்த இன்ஜின்மேல் எனக்குத் தனி மரியாதை.

இரண்டிலுமே டீசல் இன்ஜின் நேராகச் சக்கரத்தைத் திருப்புவதில்லை. ஆல்டர்னேட்டரைச் சுழற்றி மின்சாரம் எடுத்து, அச்சில் உள்ள மோட்டார்களுக்குக் கொடுக்கிறது. 3ஏ-யில் டி.சி. மோட்டார், 4-இல் மூன்று ஃபேஸ் ஏ.சி. மோட்டார். கிளம்பும்போது இழுக்கும் விசை 3ஏ-யில் சுமார் 38 டன், 4-இல் சுமார் 53 டன். தொப்பூர் பக்கமிருந்து சிவாடிக்கு ஏறும் மலைப்பாதையில், சக்கரம் வழுக்காமல் பிடித்துக்கொண்டு ஏறுவதில் நான் ஏ.சி. மோட்டாருக்குத்தான் ஓட்டுப் போடுவேன், ஆல்கோ சத்தம் எவ்வளவு பிடித்திருந்தாலும்.

சரி, இப்போது சொந்தக்காரர். எல்லாம் இந்திய ரயில்வேயின் சொத்துதான். ஆனாலும் ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு தாய்ஷெட் உண்டு, பராமரிப்பு அங்கேதான். கேபினுக்கு அருகே ஷெட் பெயரோ குறியீடோ, கூடவே மண்டலத்தின் பெயரும் எழுதியிருக்கும். கே.ஜே.எம். என்றால் பெங்களூரு கிருஷ்ணராஜபுரம், யு.பி.எல். ஹூப்ளி, இரண்டும் தென்மேற்கு ரயில்வே. இ.டி. ஈரோடு, ஜி.ஓ.சி. பொன்மலை, இவை தெற்கு ரயில்வே. தருமபுரி ஸ்டேஷன் தமிழ்நாட்டில் இருந்தாலும் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் வருவதால், இரண்டு மண்டலத்துப் பெயர்களையும் இங்கே எதிர்பார்க்கலாம்.

ஷெட் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனால் பின்னால் குழம்பும். அது மாறும். டபிள்யூ.டி.ஜி 4 இன்ஜின்கள் 1999-இல் அமெரிக்காவிலிருந்து வரத் தொடங்கியபோது ஹூப்ளி ஷெட் தென்மத்திய ரயில்வேயிடம் இருந்தது. 2003-இல் தென்மேற்கு ரயில்வே உருவானதும் ஷெட்டோடு சேர்ந்து இன்ஜின்களும் கைமாறின. அதே ரகத்தை வாரணாசியிலும் கட்டினார்கள். அந்தத் தொழிற்சாலையின் பெயரும் 2020-இல் பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் என்று மாறிவிட்டது. வடிவமைத்த இ.எம்.டி.யை ஜெனரல் மோட்டார்ஸ் 2005-இல் விற்றுவிட்டது. 2010-இல் அது கேட்டர்பில்லரிடம் போனது. இவ்வளவு கைமாறினாலும் இன்ஜினின் ஐந்து இலக்க எண் அப்படியே இருக்கும். அதனால் நோட்டில் முதலில் எண், பிறகு ரகம், தேதி, கடைசியில் பென்சிலால் ஷெட்.

நின்று பார்க்க நல்ல நேரம், எதிரே வரும் வண்டிக்கு வழிவிட (கிராசிங்) கூட்ஸ் பக்கத்துத் தண்டவாளமான லூப் லைனில் காத்திருக்கும் நேரம். ஒற்றைப் பாதை என்பதால் பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை ஸ்டேஷன்களிலும் இது கிடைக்கும். பிளாட்பார்ம் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், மஞ்சள் கோட்டைத் தாண்டாதீர்கள், எண் தெரியவில்லை என்று தண்டவாளத்தில் இறங்காதீர்கள். வண்டி கிளம்பி உங்களைக் கடக்கும்போது எண் தானாகவே கண்ணுக்கு நேரே வரும்.