மார்ச்சில் சவுத் டவுன்ஸ்: சவுத்தீஸ் முதல் பெர்விக் வரை ஒரு நாள் நடை

இங்கிலாந்தின் தெற்கே சசெக்ஸில் இருக்கும் சவுத் டவுன்ஸ் என்ற சாக்பீஸ் குன்றுகளில் முதன்முறை நடக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சவுத்தீஸ் ரயில் நிலையத்தில் தொடங்கி, ஃபர்ல் பீக்கன் உச்சி, ஆல்ஃப்ரிஸ்டன் கிராமம் வழியாகப் பெர்விக் நிலையம். சுமார் 16 கிலோமீட்டர். போன வருஷம் மார்ச்சில் இறக்கத்தில் விழுந்து, மணிக்கட்டு வீங்கித் திரும்பினேன். இந்த மார்ச்சில் நல்லபடியாக முடித்தேன். 4-ஆம் படியை நிதானமாகப் படியுங்கள்.

1. திசையும் தண்ணீரும்
மேற்கிலிருந்து கிழக்காகவே நடங்கள். இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. முதுகில் வாங்கிக்கொண்டு போகலாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். சாக் பாறை மழையை அப்படியே உறிஞ்சிவிடுவதால் மேலே ஓடையே கிடையாது. உறிஞ்சிய நீர் அடிவாரத்தில் ஊற்றாக வெளிவருகிறது, ஊர்களும் அங்கேதான். மார்ச் நடுவில் மாலை ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், பத்து மணிக்குள் நடக்கத் தொடங்குங்கள். குளிரில் போன் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். எனக்கு பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 காகித வரைபடம்தான் பிடிக்கும்.

2. ஏற்றம்
முதலில் ஊஸ் ஆற்றுப் பாலம் தாண்டி சவுத்தீஸ் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதன் வட்டக் கோபுரம் போல சசெக்ஸில் மொத்தம் மூன்றே உண்டு. பிறகு நிலையத்தின் கிழக்கே இட்ஃபர்ட் குன்று. செங்குத்துதான், ஆனால் புல்தரை.

3. முகடு
ஓக் விதைச் சின்னம் போட்ட கம்பங்களைப் பின்பற்றினால் போதும். வின்செஸ்டர் முதல் ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர் ஓடும் சவுத் டவுன்ஸ் வே என்ற நடைபாதை இதுதான். ஃபர்ல் பீக்கன் 217 மீட்டர். வானம்பாடி தலைக்கு மேல் நின்ற இடத்திலேயே பாடிக்கொண்டிருக்கும். அதற்காகவே ஐந்து நிமிஷம் உட்காருங்கள்.

4. ஆல்ஃப்ரிஸ்டன் இறக்கம்
நான் விழுந்தது இங்கேதான். அன்று மழைகூட இல்லை, முந்தின நாள் பெய்த ஈரம் மட்டும். நனைந்த சாக்கை விரலால் தேய்த்துப் பாருங்கள், குழைத்த சுண்ணாம்பு மாதிரி வழவழவென்று ஒட்டும். அந்தக் குழைவு பூட்ஸின் பள்ளங்களில் நிரம்பிவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பூட்ஸும் தரையைப் பிடிக்காது. நடுவில் பளபளக்கும் வெள்ளைத் தடத்தை விட்டு, ஓரப் புல்லில் இறங்குங்கள். புல் இல்லாத இடத்தில் சின்னச் சின்ன அடி, முழங்கால் லேசாக மடங்கி, பாதம் முழுதும் பதிய. துருத்தி நிற்கும் கருப்பு ஃபிளின்ட் (சிக்கிமுக்கி) கற்களை மிதிக்காதீர்கள். ஈரத்தில் கண்ணாடி மாதிரி. பத்தடிக்கு ஒருமுறை நின்று பூட்ஸ் அடியைப் புல்லில் துடையுங்கள். இந்த முறை இருபது நிமிஷம் கூடுதலாக ஆனது, ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை.

5. பெர்விக் வரை
ஆல்ஃப்ரிஸ்டனில் தேவாலயத்தை ஒட்டிய கூரை வேய்ந்த வீடு, 1896-இல் பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 10 பவுண்டுக்கு வாங்கிய முதல் கட்டிடம். பெர்விக் தேவாலயத்துக்குள் கட்டாயம் போங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டங்கன் கிரான்ட்டும் வனெஸ்ஸா பெல்லும் தீட்டிய ஓவியங்கள். குழந்தை இயேசு இருப்பது சசெக்ஸ் ஊர்க் கொட்டகையில்! வயல் கேட்களில் கணுக்கால் வரை சேறு. ஏ27 சாலையில் கார்கள் பறக்கும், கவனமாகக் கடந்து போங்கள்.

பின்சேர்க்கை: ஊன்றுகோல் வைத்தும் வழுக்கியதாக ஒருவர் கமென்ட்டில் எழுதியிருந்தார். விசாரித்தால், முனையில் ரப்பர் மூடியைக் கழற்றவே இல்லை. சாக்கில் உலோக முனைதான் ஊன்றும், மூடியைப் பையில் போட்டுவிடுங்கள். நாயோடு போகலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். போகலாம், ஆனால் இது ஆடுகள் குட்டி போடும் காலம். செம்மறி கண்ணில் படுவதற்கு முன்பே கயிற்றில் பிடித்துவிடுங்கள்.