மிக்சியைக் கழற்றும் முன் வரைந்து பாருங்கள்: ஒரு கருவியை அமைப்பாகப் படிக்கும் முறை

எங்கள் வீட்டு மிக்சி சில நிமிடம் ஓடியதும் தானாக நின்றுவிடும். ஜாருக்குப் புஷ் (பிளேடின் தண்டைப் பிடித்திருக்கும் உலோக வளையம்) மாற்றியாயிற்று, கப்ளர் (மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் பல் வைத்த பாகம்) மாற்றியாயிற்று, கடைசியில் ரிப்பேர் கடைக்காரர் ரீவைண்டிங், அதாவது மோட்டாரின் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றுவது, பண்ணிவிடலாம் என்றார். ஆனால் பாகம் பாகமாகச் சோதித்தால் எல்லாமே சரியாக இருந்தன. டிசைன் பாடத்தில் சொல்லித்தரும் 'தயாரிப்பை ஒரு சிஸ்டமாகப் பார்' என்ற முறையில் வரைந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. அது இரண்டாம் படியில் வரும்.

ஸ்க்ரூ கழற்றவும் மல்டிமீட்டர் பிடிக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தேவையானவை ஓர் ஏ3 தாள், பென்சில், மூன்று நிறப் பேனா. பெட்டி, அம்பு போட்டுப் படம் வரைய ட்ரா.ஐஓ நல்ல மென்பொருள்தான், ஆனால் முதல் படத்துக்கு வேண்டாம். பெட்டிகளை நேராக அடுக்குவதிலேயே ஒரு சாயங்காலம் போய்விடும். பாகங்களைக் கணினியில் வடிவமைக்கும் கேட் (CAD) மென்பொருள் பக்கமே போகாதீர்கள். அது எடுத்தவுடன் வடிவத்தையும் அளவையும் கேட்கும். நமக்கு இப்போது இரண்டுமே வேண்டாம்.

படி 1: ஒரே ஒரு பெட்டி

தாளின் நடுவில் பெரிய பெட்டி போட்டு, கருவியின் வேலையை ஒரே வரியில் எழுதுங்கள். பாகத்தின் பெயர் எதுவும் வரக்கூடாது. 'பிளேடைச் சுழற்றுவது' என்று எழுதினால் தவறு, 'பொருளை அரைப்பது' என்றால் சரி. ஏன் இந்தக் கண்டிப்பு? பிளேடு என்று எழுதிய நிமிடமே கல் கிரைண்டர் உங்கள் யோசனையிலிருந்து விழுந்துவிடும். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். மிக்சி மோட்டார் சுமையில்லாமல் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும். கிரைண்டர் பாத்திரம் மெதுவாகச் சுற்ற, கல்லின் எடை அரைக்கிறது. வேகத்தால் அரைப்பதில் சூடு கூடுதல். மிக்சியில் உளுந்து அரைப்பவர்கள் ஐஸ் தண்ணீர் ஊற்றுவது அதனால்தான்.

அடுத்து அம்புக்குறிகள். கெர்ஹார்ட் பால், வொல்ஃப்காங் பைட்ஸ் என்ற இரண்டு ஜெர்மன் பேராசிரியர்கள் 1970களில் ஒழுங்குபடுத்திக் கொடுத்த வழக்கப்படி, எந்தக் கருவிக்குள்ளும் மூன்றுதான் ஓடும்: ஆற்றல், பொருள், தகவல். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். உள்ளே போவது 230 வோல்ட் மின்சாரம். தேங்காய், பொட்டுக்கடலை, மிளகாய், தண்ணீர். குமிழைத் திருப்பும் கையின் கட்டளை. வெளியே வருவது சட்னி. கூடவே சூடு, அதிர்வு, சத்தம். வேண்டாதது வெளியே வந்தால் அதையும் வரைய வேண்டும். இதை விட்டுவிட்டால் மேற்கொண்டு வரைவதில் பிரயோஜனமில்லை.

படி 2: எல்லைக்கோடு

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம். பெட்டியின் கோடு எங்கே நிற்க வேண்டும்? ஜார் உள்ளேயா? மூடியை அழுத்தும் கை? சமையல் மேடை?

நான் பின்பற்றும் விதி: வடிவமைப்பவர் மாற்ற முடிந்ததெல்லாம் உள்ளே. மாற்ற முடியாது, ஆனால் கருவியைப் பாதிக்கும் என்றால் வெளியே, ஆனால் படத்தில் உண்டு. அந்த விதிப்படி மேடை வெளியே. மேடைக்கும் மிக்சிக்கும் நடுவில் ஏதாவது ஓடுகிறதா? அதிர்வு கீழே இறங்குகிறது, அதை ரப்பர் கால்கள் வாங்கிக்கொள்கின்றன. அப்புறம்? மோட்டார் தண்டிலேயே ஒரு விசிறி இருக்கிறது. எங்கள் மிக்சியில் அது அடித்தட்டில் உள்ள துளைகள் வழியாகக் காற்றை இழுத்து மோட்டாரைக் குளிர்விக்கிறது.

அந்தக் காற்றுக்கு அம்பு போட்டபோது அது போய் முட்டிய இடம் ஒரு மடித்த துண்டு. சத்தம் குறையட்டும், மேடை கீறாமல் இருக்கட்டும் என்று மிக்சிக்கு அடியில் விரித்திருந்தது. ரப்பர் கால்கள் துணிக்குள் அமுங்கித் துளைகள் அடைபட்டுவிட்டன. சூடு வெளியேற வழியில்லாமல், அடியில் சிவப்புப் பொத்தானாகத் தெரியும் ஓவர்லோடு சுவிட்ச் தன் கடமையைச் செய்து மின்சாரத்தைத் துண்டித்திருக்கிறது. துண்டை எடுத்ததும் சரியாகிவிட்டது. பாகங்களுக்குள்ளே மட்டும் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. கோளாறு கோட்டுக்கு வெளியே, துணிக்கடியில் இருந்தது.

கோட்டுக்கு வெளியே இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சங்கதி. 1960களில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர் சுமீத் மிக்சியை உருவாக்கியதற்குக் காரணம், வீட்டிலிருந்த ஜெர்மன் மிக்சர் நம் சமையலுக்குத் தாங்காமல் போனது. கருவி அதேதான், உள்ளே போகும் பொருள் வேறு. அதற்கேற்ப மோட்டாரின் பலம் மாற வேண்டியிருந்தது.

படி 3: பெட்டிக்குள் சின்னப் பெட்டிகள்

இப்போது பெரிய வேலையைச் சின்ன வேலைகளாக உடையுங்கள். மின்சாரத்தை வாங்கு, வேகத்தைத் தேர்ந்தெடு, சுழற்சியாக மாற்று, ஜாருக்குக் கடத்து, வெட்டு. இது முதன்மைச் சங்கிலி. யாரும் எளிதில் எழுதிவிடுவார்கள். ஆனால் மதிப்பெண்ணும் சரி, ரிப்பேர் செலவும் சரி, துணைச் சங்கிலியில் இருக்கிறது: குளிரவை, நகராமல் பிடி, கசியாமல் அடை, மோட்டாரைக் காப்பாற்று.

காப்பாற்றுவது ஏன் தனி வேலை? மிக்சியில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். சுமை ஏறினால் வேகம் விழும், மின்னோட்டம் ஏறும். காய்ந்த மஞ்சள் கிழங்கு ஒன்று பிளேடில் சிக்கிச் சுழற்சி நின்றே போனால் மின்னோட்டம் எகிறிச் சுருள் கருகும். ஆகவே சிவப்புப் பொத்தான் ஏதோ இலவச இணைப்பு இல்லை, இந்த வகை மோட்டாரைத் தேர்ந்தெடுத்ததாலேயே வந்து சேர்ந்த வேலை.

படி 4: எந்த வேலையை எந்தப் பாகம் செய்கிறது

வேலைகளை இடப்பக்கம், பாகங்களை வலப்பக்கம் எழுதிக் கோடு போட்டு இணையுங்கள். ஒன்றுக்கு ஒன்று என்று வரவே வராது. ஜாரைப் பாருங்கள். பொருளைத் தாங்குகிறது, உட்சுவரில் உள்ள மேடுகளால் ஓரம் ஒதுங்கும் தேங்காயைத் திரும்பப் பிளேடுக்குத் தள்ளுகிறது, கசியாமலும் பார்த்துக்கொள்கிறது. கப்ளர் சுழற்சியைக் கடத்துகிறது, ஜாரைத் தூக்கி எடுக்க விடுகிறது, இரண்டு தண்டுகளும் துல்லியமாக நேராக இல்லாவிட்டால் சமாளிக்கிறது. சுமை மீறினால் முதலில் தன் பல்லை உடைத்துக்கொள்கிறது. மலிவான பாகம் போய் மோட்டார் பிழைக்கட்டும் என்ற கணக்கு. அதனால் 'கெட்டியா இருக்கும்' என்று உலோகக் கப்ளர் மாட்டச் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துவராது.

(கழற்றப் போகிறவர்களுக்கு: மோட்டார் பக்கக் கப்ளரின் மரை, ஓடும்போது தானாக இறுகும்படி போடப்பட்டிருக்கும். வழக்கமான திசையில் திருப்பி வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் எதிர்த்திசையில் முயன்று பாருங்கள்.)

படி 5: சந்திப்புகளின் அட்டவணை

இதற்கு மட்டும் எக்செல் வசதி. வரிசையிலும் நெடுவரிசையிலும் அதே பாகப் பெயர்கள். இரண்டு பாகம் சந்திக்கும் கட்டத்தில் ஆற்றலா, பொருளா, தகவலா என்று குறியுங்கள். ஓடக்கூடாதது ஓடினால் சிவப்பு.

ஜாரைத் தூக்கினால் அடியில் கறுப்பாக ஒரு கசிவு தெரியுமே, அதை இந்த அட்டவணையில் வைத்துப் பாருங்கள். புஷ் தேய்ந்து, அதன் உலோகத் தூளோடு கலந்த சட்னித் தண்ணீர் தண்டு வழியாகக் கப்ளர் மேல் சொட்டுகிறது. ஜாருக்கும் மோட்டாருக்கும் இடையே சுழற்சி மட்டும்தான் போக வேண்டும், தண்ணீரும் போகிறது. அங்கிருந்து மோட்டார் தண்டைப் பிடித்திருக்கும் தாங்கிக்கு (பேரிங்), தாங்கியிலிருந்து துருவுக்கு. மோட்டார் கெட்டுப்போனதாகத் தெரியும், ஆனால் மாற்ற வேண்டியது ஜார் புஷ்.

பின்சேர்க்கை: 'தகவல் நிறத்தில் குமிழ் ஒன்றுதான் இருக்கிறது, மற்றபடி காலி' என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஓவர்லோடு சுவிட்சைச் சேர்த்தீர்களா? சத்தத்தை? அரைபட அரைபட மிக்சியின் குரல் மாறும், அதைக் கேட்டுத்தான் நிறுத்துகிறோம். படி 1-இல் வேண்டாதது என்று வரைந்த சத்தத்துக்குத் தகவல் நிறத்திலும் ஓர் அம்பு போடுங்கள். அது கோட்டைத் தாண்டிக் காதுக்குப் போய், கை வழியாகக் குமிழுக்குத் திரும்பும்.

குக்கரை வைத்து முயன்ற ஒருவர் விசிலை எங்கே போடுவது என்று குழம்பியிருந்தார். எடை வால்வு நீராவியை வெளியே விட்டு அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது, அதே சமயம் ஆளையும் கூப்பிடுகிறது. பொருள் நிறத்தில் ஒன்று, தகவல் நிறத்தில் ஒன்று என இரண்டு அம்பும் போடுங்கள். பாதுகாப்பு வால்வைத் தனிப் பெட்டியாகவே வையுங்கள். எடை வால்வு அடைத்துக்கொள்ளும் நாளுக்காக மட்டுமே அது இருக்கிறது.