கப்பல் நிற்கும் பகலில் ரயிலேறி ஊர் பார்ப்பது எப்படி: மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்கான வழிகாட்டி

மத்தியதரைக் கடலில் செல்லும் சுற்றுலாக் கப்பல்கள் பெரும்பாலும் காலையில் ஒரு துறைமுகத்தை அடைந்து அன்று மாலையே புறப்பட்டுவிடும். பயண அட்டவணையில் ரோம் என்றும் பிளாரன்ஸ் என்றும் அச்சிட்டிருந்தாலும், கப்பல் உண்மையில் போய் நிற்பது ரோமிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிவிட்டாவெக்கியாவிலும், பிளாரன்ஸுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும் லிவோர்னோவிலும்தான். இடையிலுள்ள தூரத்தைக் கடக்கக் கப்பல் நிறுவனமே பேருந்துச் சுற்றுலாக்களை விற்கும்; அதே வழியில் ஓடும் உள்ளூர் ரயிலின் கட்டணம் அதில் ஒரு சிறு பகுதிதான். ஆனால், நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் சென்றவர்கள் தாமதித்தால் கப்பல் அவர்களுக்காகக் காத்திருக்கும். தனியாகச் சென்றவர்களுக்காகக் காத்திருக்காது. மிச்சமாகும் பணத்துக்கு ஈடாக நேரப் பொறுப்பு முழுவதையும் நாமே ஏற்றுக்கொள்கிறோம் என்பதால், இந்தப் பயணத்தின் திட்டத்தைக் காலையிலிருந்து போடக்கூடாது; மாலையிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

பின்னோக்கிக் கணக்கிடும் முறை

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது கப்பல் புறப்படும் நேரத்தையல்ல, பயணிகள் அனைவரும் கப்பலுக்குள் இருக்க வேண்டிய கடைசி நேரத்தை. அது புறப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக இருக்கும். முந்தைய இரவு அறைக்கு வரும் அன்றாட நிகழ்ச்சித் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். கப்பலின் கடிகாரமும் கரையின் கடிகாரமும் ஒன்றுதானா என்பதையும் அதே தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தாலியைவிடக் கிரேக்கத்தில் ஒரு மணி நேரம் முன்னதாக இருக்கும். கைபேசி தானாக நேரத்தை மாற்றிக்கொண்டிருக்கும், கப்பல் மாற்றியிருக்காமலும் போகலாம்.

அந்தக் கடைசி நேரத்திலிருந்து, ரயில் நிலையத்திலிருந்து கப்பல் படிக்கட்டுவரை ஆகும் நேரத்தைத் தாராளமாகக் கழியுங்கள். அதற்குள் நிலையம் வந்து சேரும் ரயில்தான் உங்களுக்கான கடைசி ரயில். ஆனால் நீங்கள் ஏற வேண்டியது அந்த ரயிலில் அல்ல, அதற்கு முந்தையதில். முந்தையது ரத்தானாலும் தவறிப்போனாலும் கையில் இன்னொன்று இருக்க வேண்டும். இப்படி இரண்டு ரயில்கள் கிடைக்காத ஊருக்குத் தனியாகச் செல்லாமலிருப்பதே நல்லது. அங்கே நிறுவனத்தின் பேருந்துக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவல்ல என்பது என் கருத்து.

ரோமை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கப்பல் காலை 7 மணிக்கு வருகிறது, மாலை 5.30க்குள் ஏறிவிட வேண்டும் என்று கொள்வோம். சிவிட்டாவெக்கியா துறைமுகத்துக்குள் நடந்து திரிய முடியாது. துறைமுகத்தின் பேருந்து கப்பலருகிலிருந்து லார்கோ தெல்லா பாச்சே என்ற வாயில்வரை கொண்டுபோய் விடும். அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு நகரப் பேருந்தும் உண்டு, கடலோரமாக நடந்தும் போய்விடலாம். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால், நிலையத்திலிருந்து கப்பலுக்குத் திரும்ப ஒரு மணி நேரம் ஒதுக்குவதே சரி. ஆக, கடைசி ரயில் 4.30க்குள் சிவிட்டாவெக்கியா வந்துவிட வேண்டும். வத்திக்கானை ஒட்டிய ரோமா சான் பியெத்ரோ நிலையத்திலிருந்து வட்டார ரயிலுக்கு முக்கால் மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக ஆகும் என்பதால், அது அங்கே சுமார் 3.40க்குப் புறப்படும் ரயில். பகலில் சராசரியாக அரை மணிக்கு ஒரு ரயில் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் ஏற வேண்டியது 3.10 வாக்கில் புறப்படுவது. காலையில் கப்பலை விட்டு 8 மணிக்கு இறங்கி, 9 மணி ரயிலைப் பிடித்தால் பத்து மணிக்கு முன்பே ரோமில் இருப்பீர்கள். பத்தரை மணி நேர நிறுத்தத்தில் ரோமுக்குக் கிடைப்பது ஐந்து மணி நேரம்தான். வத்திக்கான் அருங்காட்சியகங்களையும் கொலோசியத்தையும் அதற்குள் அடக்கப் பார்ப்பவர்கள் இரண்டையுமே சரியாகப் பார்க்காமல் திரும்புவார்கள், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இறங்கும் நிலையமும் மாறும். புனித பேதுரு பேராலயத்துக்குச் சான் பியெத்ரோவில் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் போதும்; அருங்காட்சியகங்களின் வாயிலோ மதிலின் மறுபுறத்தில் இருப்பதால் சதுக்கத்திலிருந்து மேலும் கால் மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். கொலோசியத்துக்குச் செல்பவர்கள் ரோமின் முதன்மை ரயில் நிலையமான டெர்மினிவரை போக வேண்டியதில்லை. ரோமா ஓஸ்தியென்சேயில் இறங்கி, அடுத்திருக்கும் பிராமிதே நிலையத்தில் மெட்ரோ 'பி' தடத்தில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கொலோசியம். டெர்மினியில் சிவிட்டாவெக்கியா ரயில்கள் நிற்கும் 25ஆம் எண்ணுக்கு மேற்பட்ட நடைமேடைகள் முகப்பு மண்டபத்திலிருந்து வெகு தூரம் தள்ளியிருப்பவை. அங்கே பத்து நிமிடம் முன்னதாக வந்தவர்கூட ரயிலைத் தவற விடக்கூடும்.

திரும்பும்போது அறிவிப்புப் பலகையில் 'சிவிட்டாவெக்கியா' என்ற பெயரை மட்டும் தேடாதீர்கள். பலகையில் பெரிய எழுத்தில் வருவது ரயில் முடியும் ஊர். கிரோசெத்தோவுக்கும் பீசாவுக்கும் செல்லும் ரயில்களும் சிவிட்டாவெக்கியாவில் நிற்கும். மாறாக, சான் பியெத்ரோவில் அடிக்கடி வந்துபோகும் செசானோ, பிராச்சானோ, வித்தெர்போ ரயில்கள் முற்றிலும் வேறு தடத்தில் உள்நாட்டுப் பக்கம் செல்பவை. அவசரத்தில் அவற்றில் ஏறிவிட்டால் மேலே போட்ட கணக்கு முழுவதும் கலைந்துவிடும். இடைநிறுத்தங்கள் சிறிய எழுத்தில் ஓடும் வரிசையை ஒருமுறை நின்று படித்துவிட்டு ஏறுங்கள்.

பயணச்சீட்டு

இத்தாலியின் வட்டார ரயில்களில் இருக்கை முன்பதிவு கிடையாது. எத்தனை நாள் முன்னதாக வாங்கினாலும் கட்டணம் ஒன்றுதான், ஆகவே அன்று காலை வாங்கினாலே போதும். ஆனால் திரும்புவதற்கான சீட்டையும் அப்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள். பிற்பகலில் ஒரே ஒரு இயந்திரம் உள்ள சிறு நிலையத்தில், அதே கப்பலின் முப்பது பேருக்குப் பின்னால் வரிசையில் நிற்பதைப் போன்ற எரிச்சல் வேறில்லை. தாளில் அச்சான வட்டாரச் சீட்டை, ஏறுவதற்கு முன் நடைமேடையிலோ வாயிலருகிலோ உள்ள சிறு பெட்டியில் நுழைத்து நேரமுத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். கைபேசியில் வாங்கிய சீட்டுக்கு முத்திரைக்குப் பதிலாக, பயணத்துக்குமுன் இணையவழியே பயண உறுதி செய்ய வேண்டியிருக்கும். இரண்டில் எதைச் செய்யாவிட்டாலும் சீட்டு வாங்கியிருந்தும் அபராதம் கட்ட நேரிடும். பரிசோதகரிடம் சுற்றுலாப் பயணி என்ற சமாதானம் எடுபடாது. சிவிட்டாவெக்கியா வழியே அதிவேக ரயில்களும் தொலைதூர ரயில்களும் ஓடுகின்றன. வட்டாரச் சீட்டு அவற்றில் செல்லாது.

சீட்டு இயந்திரத்தின் அருகே, கேட்காமலே உதவ முன்வருபவர்களை மரியாதையாக மறுத்துவிடுங்கள். அவர்கள் எதிர்பார்ப்பது குறைந்தபட்சம் மீதிச் சில்லறையை.

லிவோர்னோ, நேப்பிள்ஸ்

லிவோர்னோவும் சரக்குத் துறைமுகம் என்பதால் கப்பலிலிருந்து நகர மையம்வரை ஒரு பேருந்து, மையத்திலிருந்து லிவோர்னோ சென்ட்ராலே நிலையம்வரை நகரப் பேருந்தோ டாக்சியோ என இரண்டு கட்டங்கள் உண்டு. அதன்பின் பிளாரன்ஸ்வரை ரயில் என்றால், பன்னிரண்டு மணி நேர நிறுத்தம் இல்லாத நாளில் அது ஓடிப்போய்த் தொட்டுவிட்டு வருவதாகவே முடியும். திங்கட்கிழமையானால் உபிட்சி ஓவியக்கூடமும் மூடியிருக்கும். நான் பரிந்துரைப்பது பீசாவும் லூக்காவும். பீசா ரயிலில் கால் மணி முதல் இருபது நிமிடம். பீசா சென்ட்ராலேயிலிருந்து சாய்ந்த கோபுரத்துக்கு நடக்க அரை மணி நேரம் ஆகும். லூக்கா தடத்தில் அடுத்து வரும் பீசா சான் ரொசோரே நிலையத்தில் இறங்கினால் கோபுரம் ஐந்து நிமிட நடை. கோபுரத்தைப் பார்த்தபின் அதே சான் ரொசோரேயில் ஏறி லூக்காவுக்குச் சென்றுவிடலாம். லூக்காவில் நிலையத்துக்கு எதிரிலேயே பழைய கோட்டைமதில். அதன் மேல் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள, மரநிழல் படர்ந்த பாதையில் நகரத்தைச் சுற்றி வரலாம்.

நேப்பிள்ஸில் துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததுமே நகரம் தொடங்கிவிடும். எதிரிலுள்ள முனிச்சிப்பியோ நிலையத்தில் மெட்ரோ முதல் தடத்தில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் கரிபால்டி. அங்கிருந்துதான் வெசுவியஸ் எரிமலையைச் சுற்றிச் செல்லும் சிர்கும்வெசுவியானா ரயில். இது பழைய வண்டி, கோடையில் வெக்கையும் நெரிசலும் மிகுதி. உட்கார்ந்து செல்ல விரும்புபவர்கள் ஒரு நிறுத்தம் முன்னால், ரயில் கிளம்பும் போர்த்தா நோலானா நிலையத்துக்கே போய் ஏறுங்கள். அந்த எரிமலை புதைத்த பண்டைய நகரமான பாம்பெயின் இடிபாடுகளுக்குச் சொரெண்டோ செல்லும் ரயிலில் ஏறி, 'பாம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி' என்று எழுதியுள்ள நிலையத்தில் இறங்க வேண்டும். அரை மணிக்குச் சற்று மேல் ஆகும். பாம்பெய் என்ற பெயரைக் கொண்ட நிலையங்கள் வேறு தடங்களிலும் உண்டு, அவை புதிய ஊருக்குள் கொண்டுபோய் விடும். 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் இடிபாடுகளுக்குள் அனுமதிப்பதில்லை. நுழைவுச்சீட்டிலும் பெயர் இருக்கும் என்பதால் முன்கூட்டியே வாங்கிவிட்டு அடையாளச் சான்றையும் கையில் வைத்திருங்கள்.

குறுகிய நிறுத்தமானால் பாம்பெயைவிட எர்கொலானோ மேல். கி.பி. 79இல் அதே எரிமலையால் புதையுண்ட இந்த ஊர் சிறியது. மாடி வீடுகளும் கருகிய மர உத்தரங்களும்கூட இன்னும் நிற்கின்றன. அதே ரயிலில் எர்கொலானோ ஸ்காவி நிலையம் பாதி தூரத்திலேயே வந்துவிடும். அங்கிருந்து கடலை நோக்கி இறங்கும் நேர்த்தெருவில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் வாயில்.

நேப்பிள்ஸ் ரயிலிலும் ரோம் மெட்ரோவிலும் பிக்பாக்கெட் திருட்டு உண்மையான தொல்லை. கதவருகே நெருக்கியடித்து ஏறும் அந்த அரை நிமிடத்தில்தான் கை பைக்குள் நுழையும். பையை மார்புப் பக்கம் திருப்பிக்கொண்டு, கைபேசியைச் சட்டைப் பையில் வைக்காமல் ஏறுங்கள்.

மற்ற துறைமுகங்கள்

இத்தாலியின் லா ஸ்பேசியாவிலிருந்து சிங்குவே தெர்ரே எனப்படும் ஐந்து கடலோரக் கிராமங்களுக்குச் செல்லும் ரயில் பருவகாலத்தில் அடிக்கடி உண்டு. முதல் கிராமமான ரியோமஜோரேவுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. வெர்னாட்சாவில் நடைமேடையின் ஒரு பகுதி சுரங்கத்துக்குள் இருப்பதால், ரயில் நின்றபின் சன்னலுக்கு வெளியே இருட்டாகத் தெரிந்தாலும் பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்து இறங்குங்கள். பலர் நிலையம் இன்னும் வரவில்லை என்று எண்ணி உட்கார்ந்தே இருந்துவிடுவார்கள். கோர்னீலியா மட்டும் குன்றின் மேல் இருக்கிறது. நிலையத்திலிருந்து ஏறத்தாழ 380 படிகள்.

பிரான்ஸின் வில்பிரான்ஷில் பெரிய கப்பல்கள் விரிகுடாவில் நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் பயணிகளைக் கரை சேர்க்கும். நிறுவனச் சுற்றுலாவினர் முதலில் இறங்குவதால் தனியாகச் செல்பவர்கள் கரை சேர நேரமாகலாம், மாலையிலும் படகுக்கு வரிசை இருக்கும். இதைத் தவிர அங்கே குறையே இல்லை: நிலையம் கடற்கரைக்கு மேலேயே இருக்கிறது, ஒரு பக்கம் நீஸ் பத்து நிமிடத்துக்குள், மறுபக்கம் மொனாக்கோ சுமார் கால் மணி நேரத்தில். எஸ் கிராமத்தைப் பார்க்க விரும்பி எஸ்-சுர்-மேர் நிலையத்தில் இறங்குபவர்கள், கிராமம் தலைக்கு மேல் மலையுச்சியில் இருப்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

கிரேக்கத்தின் பிரேயஸில் மெட்ரோ முதல் தடம், மூன்றாம் தடம் இரண்டுமே மொனாஸ்டிராக்கி வழியாகச் செல்வதால், எதில் ஏறினாலும் ஏதென்ஸின் பழைய நகரத்தில், அக்ரோபோலிஸ் கண்ணில் படும் இடத்தில் இறங்கலாம். கப்பல் முனையங்களிலிருந்து நிலையம்வரையிலான தூரம்தான் கடினம். வெயிலில் அதை நடக்காமல் பேருந்தைப் பிடியுங்கள்.

வேலைநிறுத்தம்

இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தங்கள் சட்டப்படி முன்கூட்டியே அறிவிக்கப்படும். வேலைநிறுத்தத்தைக் குறிக்கும் 'ஷோப்பெரோ' என்ற இத்தாலியச் சொல்லோடு பயணத் தேதியைச் சேர்த்து, கப்பலேறும் முன்பும் முந்தைய இரவிலும் தேடிப் பார்த்துவிடுங்கள். வேலைநாள்களில் நடக்கும் வேலைநிறுத்தத்தின்போது காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் கட்டாயம் ஓடும். உள்ளூர்க்காரர்களுக்கு இது போதும். கப்பல் பயணிக்கு இதுவே பொறி. காலை நேர ரயில் உங்களை ரோமில் கொண்டுபோய் விட்டுவிடும், திரும்புவதற்கான உறுதியான ரயில் தொடங்கும்போது கப்பல் கடலில் இருக்கும். அறிவிப்பு இருந்தால் அன்று துறைமுக ஊரிலேயே இருங்கள், அல்லது நிறுவனத்தின் பேருந்தில் செல்லுங்கள்.

கப்பலைத் தவறவிட்டால்

நிகழ்ச்சித் தாளில் அந்தந்தத் துறைமுகத்துக்கான கப்பல் நிறுவன முகவரின் தொலைபேசி எண் அச்சிடப்பட்டிருக்கும். கரையிறங்கும் முன் அதைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டின் நகல், வங்கி அட்டை, ஒரு நாளுக்கான மருந்து ஆகியவையும் உடனிருக்கட்டும். தாமதமாவது உறுதியானால் ரயிலில் இருக்கும்போதே முகவரை அழைத்துவிடுங்கள். பயணி வராதபோது அறையிலுள்ள கடவுச்சீட்டை எடுத்து முகவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுவது பல கப்பல்களில் வழக்கம். அடுத்த துறைமுகம் அதே நாட்டில் இருந்தால் மறுநாள் காலைக்குள் ரயிலிலேயே போய்ச் சேர்ந்துவிட முடியும்: சிவிட்டாவெக்கியாவுக்கு அடுத்து லிவோர்னோ என்றால் இரண்டும் ஒரே கடலோரத் தடத்தில் உள்ளவை. அடுத்த நிறுத்தம் வேறு நாட்டில், அதுவும் விமானத்தில் மட்டுமே எட்டக்கூடிய தீவில் என்றால் செலவு முழுவதும் உங்களுடையது. அப்படிப்பட்ட நாளுக்கு முந்தைய துறைமுகத்தில் கணக்கில் இன்னும் ஒரு ரயிலைக் கூட்டிக்கொள்ளுங்கள்.