சீலைப்பேன் டைஃபஸ்: பரவும் வழியும் மறிக்கும் முறையும்

காய்ச்சல்காரரின் சட்டையைக் கழற்றி உட்புறம் திருப்பி, அக்குள், கழுத்து, இடுப்புத் தையல்களை விரித்துப் பாருங்கள். பேனால் பரவும் கடும் காய்ச்சலான டைஃபஸ் கொள்ளைநோயாகும் அபாயம் அந்த இடத்தில் இருக்கிறதா என்பதைத் தையல்களே காட்டிவிடும். சீலைப்பேன் வாழ்வதும் ஈர் வைப்பதும் அங்கேதான். இரத்தம் குடிக்க மட்டும் நாளில் பல தடவை தோலுக்கு வந்து போகும். தலைப்பேன் வேறு வகை. டைஃபஸ் கொள்ளைநோய்களைப் பரப்பியது சீலைப்பேன்தான். பிரெஞ்சு மருத்துவர் சார்ல் நிகோல் 1909இல் வட ஆப்பிரிக்காவின் டூனிஸ் நகரில் இதை நிறுவினார். குளித்து உடை மாற்றி வார்டுக்குள் போன நோயாளிகளிடமிருந்து யாருக்கும் தொற்றவில்லை. அவர்களின் அழுக்குத் துணியைக் கையாண்டவர்களுக்குத் தொற்றியது. அந்த வேறுபாடுதான் அவருக்கு வழிகாட்டியது.

டைஃபஸை உண்டாக்கும் கிருமியின் பெயர் ரிக்கெட்சியா புரோவாசெக்கி. காய்ச்சல்காரரின் இரத்தத்தோடு பேனின் குடலுக்குள் போய், குடல் செல்களில் பெருகி, அவற்றை வெடிக்கச் செய்து எச்சத்தோடு வெளியேறுகிறது. பேனும் ஓரிரு வாரத்தில் செத்துவிடும். பேன் கடிப்பதால் மட்டும் நோய் தொற்றாது. அரிப்பில் சொறியும்போது எச்சம் கீறலுக்குள் தேய்க்கப்படுகிறது, அல்லது விரலோடு கண்ணுக்குப் போகிறது. உலர்ந்த எச்சம் தூசியாகி மூச்சிலும் ஏறும். அந்தத் தூசியில் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். இதனால்தான் பேனை நகத்தில் வைத்து நசுக்கக் கூடாது, துணியை உதறக் கூடாது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். உடம்பு கொதித்தாலும் சவமாகிக் குளிர்ந்தாலும் பேன் அங்கே தங்காது. பக்கத்தில் படுத்திருப்பவரிடம் போய்விடும். நெருக்கியடித்துப் படுக்கும் சிறையும் அகதி முகாமும் குளிர்காலமும் நோய்க்கு வாய்ப்பாவது இப்படித்தான். 1990களின் நடுவில் ஆப்பிரிக்க நாடான புருண்டியின் குளிர்ந்த மலைநாட்டு முகாம்களில் 45,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. போரில் வீடிழந்து, மாற்றுத்துணி இல்லாமல், ஒரே போர்வையைப் பகிர்ந்துகொண்ட மக்கள் அவர்கள்.

தொற்றி 1–2 வாரத்தில் திடீரெனக் கடும் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, தசைவலி தொடங்கும். ஐந்தாம் நாள் வாக்கில் உடற்பகுதியில் தடிப்பு தோன்றிக் கைகால்களுக்குப் பரவும். முகம், உள்ளங்கை, பாதம் பெரும்பாலும் தப்பும். கறுத்த தோலில் தடிப்பு எளிதில் தெரியாது. அதற்காகக் காத்திருந்தால் பிதற்றலும் மயக்கமும் வந்துவிடும். தண்ணீரால் பரவும் டைஃபாய்டு முற்றிலும் வேறு நோய். தமிழ்நாட்டில் காணும் ஸ்க்ரப் டைஃபஸும் வேறு; அது சிற்றுண்ணியின் இளம்பருவப் பூச்சி கடித்து வருவது, கடிவாயில் பல நேரம் கறுத்த பொருக்கு இருக்கும்.

முகாமில் பேனும் கடும் காய்ச்சலும் சேர்ந்து கண்டால் ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் மருத்துவரைக் கொண்டு சிகிச்சையைத் தொடங்குங்கள். கொள்ளைநோய்ச் சூழலில் பெரியவர்களுக்கு 200 மி.கி. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை ஒரே தடவை கொடுத்தாலே பெரும்பாலும் போதும். பெனிசிலின் வேலை செய்யாது. குழந்தைகள், கர்ப்பிணிகளுக்கான மருந்தை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றில் 10 முதல் 40 பேர் வரை இறப்பார்கள்.

மாத்திரை நோயாளியைக் காப்பாற்றும், பேனைக் கொல்லாது. ஆகவே அதே நாளில் துணி வேலையையும் தொடங்குங்கள். 0.5 சதவீதப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லித் தூளை ஆளுக்கு 30–50 கிராம் எடுத்து, உடுத்திய உடையைக் கழற்றாமலே கழுத்து, சட்டைக் கை, இடுப்பு வழியாக உள்ளே ஊதுங்கள். கண்ணையும் வாயையும் மூடச் சொல்லுங்கள், போர்வைக்கும் தூவுங்கள். 1943–44இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு டிடிடி என்ற பூச்சிக்கொல்லித் தூளை இப்படித்தான் ஊதினார்கள். அவிழ்க்கச் சொன்னால் குளிரிலும் கூச்சத்திலும் பாதிப் பேர் வரமாட்டார்கள். இன்று டிடிடியை நம்ப முடியாது. கொரியப் போர்க் காலத்திலேயே பேன்கள் அதற்குப் பழகிவிட்டன.

தூள் இல்லையென்றால் துணியை 60 டிகிரி செல்சியஸ் நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். குளிர்ந்த நீரில் அலசினால் ஈர் சாகாது. வெந்நீரும் இல்லாத இடத்தில் துணியை மூட்டையாகக் கட்டி இரண்டு வாரம் ஒதுக்குங்கள். மனித இரத்தம் கிடைக்காத பேன் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. ஈர் பொரிய 6–9 நாள் ஆகும். ஆனால் எச்சத்திலுள்ள கிருமி அதற்குள் அழியாது. மூட்டையை அவிழ்ப்பவர் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, உதறாமல் நேரே நீரில் அமிழ்த்த வேண்டும்.

வேலை வீணாவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். குளிப்பாட்டிவிட்டு அதே சட்டையை மாட்டிவிடுவார்கள். அல்லது நோயாளியின் துணியை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, ஒரே கூடாரத்தில் படுத்த மற்றவர்களை விட்டுவிடுவார்கள். கூடாரம் முழுவதற்கும் ஒரே நாளில் தூள் போடுங்கள், ஒரு வாரம் கழித்துத் தையல்களை மறுபடி பாருங்கள். இறந்தவரின் போர்வையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

நோய் ஓய்ந்த பிறகும் பேன் கண்காணிப்பை விடாதீர்கள். பிழைத்தவர் உடலில் கிருமி பல்லாண்டு ஒளிந்திருந்து, முதுமையிலோ பலவீனத்திலோ லேசான காய்ச்சலாகத் திரும்பலாம். இதற்குப் பிரில்–சின்சர் நோய் என்று பெயர். அந்த ஒருவரின் சட்டையில் அப்போது பேன் இருந்தால் சுற்று மறுபடி தொடங்கும். பழைய முகாம்களிலிருந்து வந்த முதியவருக்குக் காய்ச்சல் என்றால், முன்பு டைஃபஸ் வந்ததா என்று கேளுங்கள், சட்டையையும் திருப்பிப் பாருங்கள்.