மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் ராத்திரி மேகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்

காரைக்குடி மொட்டை மாடியில் நின்று எவ்வளவு நேரம் வடக்கே பார்த்தாலும் இரவில் ஒளிரும் மேகம் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூன், ஜூலையில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ ஸ்காட்லாந்து, டென்மார்க் பக்கம் போகிற நம்ம ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். முப்பது வருஷம் கல்யாணப் போட்டோ எடுத்தவன் நான். மகள் பிரசவத்துக்காக ஸ்காட்லாந்தின் எடின்பரோ போனபோதுதான் இந்த மேகத்தைப் பார்த்தேன்.

போவதற்கு முன் ஊரிலேயே ஒரு பாடம் படித்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்ததும் மாடிக்குப் போய், உயரத்தில் பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல இருக்கும் மேகத்தைக் கவனியுங்கள். முதலில் ரோஸ், அப்புறம் சிவப்பு, அரை மணி நேரத்துக்குள் சாம்பல். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு அவ்வளவு நேரம்தான் வெயில் எட்டும். நான் சொல்லும் மேகம் இருப்பதோ சுமார் 82 கிலோமீட்டர் உயரத்தில். கீழே நாம் இருட்டில் நிற்கும்போதும் அதன்மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அதனால் அடையாளம் சுலபம்: மற்ற மேகமெல்லாம் கறுத்துக் கிடக்கும், இது மட்டும் வெள்ளியும் நீலமுமாக மின்னும்.

அந்த உயரம் கோடையில்தான் மிகவும் குளிரும். மைனஸ் 120 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போகும். எரிகல் தூசியில் ஈரம் உறைந்து மேகமாகிறது. 1885-ல்தான் இதை முதலில் குறித்து வைத்தார்கள். 1887-ல் ஜெர்மனிக்காரர் ஓட்டோ யெஸ்ஸெ போட்டோ எடுத்தார். பிறகு வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் எடுத்த படங்களை வைத்து உயரத்தையும் கணக்குப் போட்டார். தொழில்காரன் என்பதால் அதில் எனக்கு ஒரு பெருமை.

நம்ம ஊரில் ஏன் தெரியாது? அவ்வளவு உயரத்தில் இருப்பதும் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டினால் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். இது பெரும்பாலும் 50 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே தங்கும். காரைக்குடி இருப்பது 10 டிகிரியில். நடுவே ஆயிரம் கிலோமீட்டரைவிடப் பல மடங்கு தூரம்.

எடின்பரோவில் ஜூன் கடைசியில் சூரியன் மறையவே இரவு பத்து மணியாகும். “அங்க ராத்திரியே இல்லையாமே?” என்று எதிர்வீட்டு ஆச்சி கேட்டது முழுக்கப் பொய்யில்லை. நடுநிசியிலும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே பத்துப் பதினோரு டிகிரிதான் இறங்கும், வடக்கு வெளுத்தே இருக்கும். பதினொன்றரை மணிக்கு வடமேற்கில் தேடுங்கள்; ஒரு மணிக்கு நேர் வடக்கு; மூன்று மணி வரை வடகிழக்கு. திசை தெரியவில்லையா, துருவ நட்சத்திரத்தைப் பிடியுங்கள். நம்ம ஊரில் தென்னந்தோப்புக்குப் பின்னால் பதுங்கிக் கிடப்பது அங்கே அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நிற்கும். ஒரு மணி வாக்கில் அதற்கு நேர் கீழே, அடிவானத்திலிருந்து கையை நீட்டி ஒரு முஷ்டி உயரத்தில் கபெல்லா என்ற பிரகாசமான நட்சத்திரம் இருக்கும். மேகம் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான். வடக்கு மறைக்காத இடம் வேண்டும். நான் கால்டன் குன்றில் ஏறினேன்.

தினமும் வராது. ஐந்து ராத்திரி சும்மா குளிரில் நின்றேன், ஆறாவது ராத்திரி வந்தது. வந்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் நாற்பது படமும் ஃபோகஸ் போய்விட்டது. ஆட்டோ ஃபோகஸை நம்பியதன் பலன். தாலி கட்டும் நேரத்தில் இப்படி விட்டிருந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது.

ஆகவே இங்கேயே பழகுங்கள். தூரத்து செல்போன் டவரின் சிவப்பு விளக்கை ஸ்கிரீனில் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் வைத்து, லென்ஸ் வளையத்தில் டேப் ஒட்டுங்கள். டிரைபாடில் வைத்ததும் லென்ஸின் ஆட்டம் தடுக்கும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இரண்டு செகண்டு டைமரில் கிளிக் செய்தால் கை பட்டு அதிராது. அங்கே போனதும் ஐஎஸ்ஓ 400, அபெர்ச்சர் 2.8, மூன்று செகண்டு என்று ஆரம்பியுங்கள். இருட்ட இருட்ட ஆறு, எட்டு என்று கூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். இந்த மேகத்தின் அழகே குளத்தில் காற்றடித்ததுபோன்ற அலைவரிதான். அது நகர்கிறது, நேரம் கூடினால் வரி கலைந்து பால் கொட்டியதுபோல ஆகிவிடும். வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ஆட்டோவில் விடாமல் 4500 கெல்வின் பக்கம் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் படத்துக்குப் படம் நீலம் மாறும். ரா ஃபைலில், அதாவது கேமரா மெருகேற்றாத மூலப்படமாக எடுங்கள். 35 அல்லது 50 எம்எம் லென்ஸ் போதும். போன் மட்டும்தான் இருக்கிறதென்றால் கைப்பிடிச் சுவரில் சாய்த்து நைட் மோடில் எடுங்கள், மோசமில்லை. ஜன்னல் கண்ணாடி வழியாக மட்டும் எடுக்காதீர்கள். அங்கே கண்ணாடி இரட்டை, எல்லாம் இரண்டிரண்டாக விழும்.

ஸ்வெட்டர், குல்லா, சுக்குமல்லிக் காப்பி ஒரு பிளாஸ்க். நான் ஒரு பை சீப்புச் சீடையும் கொண்டுபோனேன். வீட்டுச் சாவியை மறக்காதீர்கள். அந்தக் கதவுகள் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். மூன்றரை மணிக்கு நான் அடித்த காலிங்பெல்லில் பச்சைப்பிள்ளை விழித்துக்கொண்டு, விடியும் வரை அதைத் தோளில் போட்டு நடக்கும் வேலை எனக்கே வந்தது.